எதுக்கு எவ்வளவு, எது வரைக்கும்?

வக்கீல் ஆபீஸுக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது குமாஸ்தாவைத்தான். குள்ளஞ்சாவடிக்காரரான இந்தக் குமாஸ்தா, கடலூர் கோர்ட்டுகளில் கேஸ் கட்டு சுமந்தே தலை நரைத்தவர். பெயர் போட வேண்டாம் என்கிறார். போட்டால் பார் அசோசியேஷனில் பதில் சொல்லி மாளாதாம். கடலூருக்கும் வடலூருக்கும் நடுவில், விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கிறது அவருடைய ஊர். செம்மண், முந்திரிக்காடு, வேலியோரம் பலாமரம். காலையில் கடலூர் பஸ்ஸில் ஏறினால், மஞ்சள் பையோடு வாய்தாவுக்குப் போகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் குமாஸ்தாவின் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "அண்ணே, இந்தக் கேஸுக்கு எவ்ளோ ஆவும்?"

அந்தக் கேள்விக்கு அவர் நேரே தொகை சொன்னதில்லை. "எதுக்கு எவ்ளோ, எது வரைக்கும்னு கேளு. அப்புறம் சொல்றேன்" என்பார். பிற்பாடு கோர்ட் வராந்தாவில் நின்று வக்கீலோடு சண்டை போட்டவர்கள் எல்லாம் முதல் நாள் இந்த இரண்டையும் கேட்காதவர்கள் என்பது அவர் கட்சி. ஃபீஸ் அதிகம் என்று வந்த தகராறு கொஞ்சம். ஃபீஸில் எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை என்று பேசாததால் வந்த தகராறுதான் அவர் பார்த்ததில் பெரும்பகுதி.

பத்து லட்சம் கடன் கொடுத்து ஏமாந்தவர் பிராது போட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வக்கீலிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வக்கீலுக்கே போகாது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955-இன்படி, பணம் கேட்கும் வழக்கில் கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்டியாக வேண்டும். 2017-க்கு முன் அது நூற்றுக்கு ஏழரை. அந்த ஆண்டு வந்த திருத்தத்தில் மூன்றாகக் குறைந்தது. பத்து லட்சத்துக்கு 75,000 கட்டிய இடத்தில் இன்று 30,000. குறைந்தது பெரிய காரியம்தான். ஆனால் முப்பதாயிரத்தை வக்கீல் கையில் எண்ணி வைத்துவிட்டு வரும் கட்சிக்காரர் ஊரில் போய் என்ன சொல்வார்? "வக்கீல் முப்பதாயிரம் வாங்கிக்கிட்டார்" என்றுதான். அதில் ஒரு ரூபாய்கூட வக்கீலுடையது இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கோர்ட் ஃபீஸ் ஒன்றோடு முடியாது. எதிராளிக்கு சம்மன் அனுப்ப பேட்டா. வக்காலத்தில் ஒட்ட கோர்ட் ஃபீஸ் வில்லை, வழக்கறிஞர் சேமநல நிதிக்கு வெல்ஃபேர் ஸ்டாம்பு. சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் அதற்குக் கட்டணம். நிலத்தை அளந்து பார்த்து அறிக்கை தர ஆணையர் நியமித்தால் ஆணையர் ஃபீஸ், கூட வரும் சர்வேயருக்குக் கட்டணம். டைப்பிங், ஜெராக்ஸ். இவை எல்லாம் செலவு. வக்கீலின் உழைப்புக்குத் தருவது ஃபீஸ். இரண்டையும் ஒரே தொகையாகப் பேசினால், "எல்லாம் சேர்த்துத்தான் சொன்னீங்க" என்று இவரும், "செலவு தனின்னு சொன்னேனே" என்று அவரும் நிற்பார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

அடுத்தது, எது வரைக்கும். உரிமையியல் வழக்கு ஒரே ஓட்டமாக முடியாது. பிராது தாக்கலாகும், குறை சொல்லித் திரும்பும், சரிசெய்து மறுபடி தாக்கலாகி நம்பர் ஆகும். நடுவில் தடையுத்தரவு கேட்டு இடைக்கால மனுக்கள் வரும். சாட்சி, வாதம், தீர்ப்பு. தீர்ப்போடு பணம் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிராளி தானாகக் கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். 'ஈ.பி.' என்று கோர்ட்டில் சொல்வார்கள். அதற்குத் தனி மனு, தனி பேட்டா, பெரும்பாலும் தனி ஃபீஸ். மேல்முறையீடு போனால் வேறு நீதிமன்றம், வேறு வக்காலத்து, வேறு ஃபீஸ். "கேஸ் முழுக்க இவ்வளவு" என்று முதல் நாள் பேசுகிறார்கள். அந்த 'முழுக்க' தீர்ப்பு வரைக்குமா, பணம் கைக்கு வரும் வரைக்குமா? அதைத்தான் கேட்கச் சொல்கிறார் குமாஸ்தா.

நகரங்களில் அரைமணி நேர ஆலோசனைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இன்னமும் அப்படிக் கறாராக இல்லை. முதல் நாள் பேச்சுக்குப் பல வக்கீல்கள் காசு வாங்குவதில்லை, கேஸ் வந்தால் அதில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வருகிறவர்களும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். சீசனில் பலாப்பழம் வரும், முந்திரிப்பருப்பு வரும். பலாப்பழம் ஃபீஸில் கழியாது என்பதை மட்டும் குமாஸ்தா எல்லோரிடமும் சொல்லிவிடுவார். ஆலோசனைக்கே காசு கேட்கிற வக்கீலைப் பேராசைக்காரர் என்று எண்ண வேண்டாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. காசு வாங்கிக்கொண்டு "இதில் கேஸே இல்லை, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிடும் வக்கீல், காசு வாங்காமல் பிராது போட்டுவிடுகிறவரைவிட மிச்சம் பிடித்துத் தருகிறார்.

அந்த முதல் பேச்சுக்கு என்ன கொண்டு போக வேண்டும்? நில வழக்கென்றால் மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல், வில்லங்கச் சான்று. எல்லோரும் கொண்டுவருகிறார்கள். கொண்டுவராதது ஒன்று உண்டு: தபால் வந்த உறை. நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேதி முத்திரை குத்திய உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அந்தத் தேதியில்தான் பாதி வழக்குகளின் உயிர் இருக்கிறது.

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் நில வழக்குக்குத் தனி வரலாறே உண்டு. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ கிடைத்ததிலிருந்து தொடங்குகிறது பழுப்பு நிலக்கரியின் கதை. 1956-இல் சுரங்க நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் கிராமம் கிராமமாக நிலம் எடுப்பு. நிலம் எடுத்த ஊர்களிலெல்லாம் இழப்பீட்டு வழக்கும் கூடவே வந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று வாய்க்காலுக்காக விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கிய படத்தை நாடே பார்த்தது. படத்தில் வராத பகுதி கோர்ட்டில் நடக்கிறது: சென்டுக்கு எவ்வளவு, போதுமா, போதாதா.

இந்த வழக்கோடு வருகிறவரிடம் குமாஸ்தா கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் சட்டத்துல எடுத்தாங்க?" என்பது. பலருக்குத் தெரியாது. தெரியாததில் வியப்பில்லை. பழைய நிலங்கள் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் தொழில்களுக்காக நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. 2014 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் புதிய நிலமெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து மாநிலச் சட்டங்களுக்கு விலக்குத் தந்த திருத்தத்தை 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே மாநில அரசு வேறொரு சட்டம் இயற்றி அவற்றை உயிர்ப்பித்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் அது செல்லும் என்றது. இந்தக் குழப்பத்தில் எந்தச் சட்டம் நம்முடையது என்று தெரியாமல் எந்த மனுவும் போட முடியாது. சட்டம் மாறினால் மனுவும் மாறும், காலக்கெடுவும் மாறும்.

1894 சட்டத்தின் 18-ஆவது பிரிவையே பாருங்கள். இழப்பீட்டை நிர்ணயிக்கும் அவார்டு சொன்னபோது நேரில் இருந்தவருக்கு அன்றிலிருந்து ஆறு வாரம். இல்லாதவருக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து ஆறு மாதம், இதில் எது முந்தியோ அது. அதற்குள் "தொகை போதாது, கோர்ட்டுக்கு அனுப்புங்கள்" என்று மனு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டவருக்கும் ஒரு கதவு உண்டு. அதே அறிவிப்பில் நிலம் எடுக்கப்பட்ட பக்கத்து நிலக்காரருக்கு கோர்ட் தொகையை உயர்த்தித் தந்தால், அந்தத் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் 28-ஏ பிரிவில் எனக்கும் உயர்த்துங்கள் என்று கேட்கலாம். தீர்ப்பின் நகல் எடுக்க ஆன நாட்கள் கணக்கில் வராது. பக்கத்து நிலக்காரர் ஜெயித்த சேதி டீக்கடையில் காதில் விழுவதற்கே சில சமயம் மூன்று மாதம் ஓடிவிடும். செக் திரும்பிய வழக்கிலும் இப்படித்தான். பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், எதிராளி கொடுக்க 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். ஃபீஸ் பேரம் பேசி மூன்று வக்கீல் ஆபீஸ் ஏறி இறங்குவதற்குள் நாள் போய்விட்டால், மிச்சம் பிடித்த ஃபீஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நில இழப்பீடு, வாகன விபத்து ஆகிய இரண்டிலும்தான் 'பர்சன்டேஜ்' பேச்சு வரும். "இப்ப ஒண்ணும் குடுக்க வேணாம், வந்தா நூத்துக்கு இவ்ளோ" என்பது பேச்சு. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இது இனிக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கு என்று வாங்குவது சட்டப்படியே நடக்கிறது. இந்தியாவில் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசவோ, கிடைப்பதில் பங்கு கேட்கவோ வழக்கறிஞருக்குத் தடை விதிக்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதியா என்றால், 2017 டிசம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பி. சுனிதா வழக்கைப் பார்க்கலாம். தெலங்கானாவைச் சேர்ந்த பெண். கணவர் 1998-இல் சாலை விபத்தில் இறந்தார். இழப்பீடு வந்தது. வழக்கறிஞருக்கு ஏற்கெனவே பத்து லட்சம் கொடுத்த பிறகு, இன்னும் மூன்று லட்சத்துக்கு 2014-இல் அவரிடம் செக் வாங்கப்பட்டது. கணக்கில் பணம் இல்லாததால் செக் திரும்பியது. வழக்கறிஞர் அவர் மேல் செக் மோசடி வழக்கே போட்டுவிட்டார். கிடைத்த தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஃபீஸ் கேட்பதே பொதுக் கொள்கைக்கு விரோதம், அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஃபீஸை ஒழுங்குபடுத்த சட்டம் தேவை என்பதையும் அந்தத் தீர்ப்பு பேசியது. சட்ட ஆணையம் 1988-இலேயே தன் 131-ஆவது அறிக்கையில் வழக்கறிஞர் தொழிலைப் பற்றி ஆராய்ந்திருந்தது. அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை.

விதி இருந்தும் பர்சன்டேஜ் பேச்சு நிற்கவில்லை என்பதைக் குமாஸ்தா மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே விபத்துக் கேஸ் பிடிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். இப்படிக் கேஸ் பிடித்துத் தருவதைத் தொழிலாக வைத்திருப்பவர்களைப் பட்டியல் போட்டுத் தண்டிக்க, 2023-இல் வழக்கறிஞர் சட்டத்தில் 45-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். ஐநூறு ரூபாய்க்கு எந்தத் தரகர் பயப்படுவார் என்பது வேறு விஷயம். குமாஸ்தா தன் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தொகை எழுதாத செக், எழுத்தில்லாத பச்சைத்தாள் இரண்டிலும் கையெழுத்துப் போடாதே. வக்காலத்தையும் படித்துப் பார். அச்சடித்த வக்காலத்தில் உன் பெயரில் பணம் வாங்கவும் ராஜி பேசவும் அதிகாரம் தரும் வரிகள் பெரும்பாலும் இருக்கும். வேண்டாத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

முதல் நாள் வரும்போது பேசுவதற்கென்று ஓர் ஆளைக் கூட்டிவருவது இந்தப் பக்கத்து வழக்கம். மச்சானோ, அரசியல் கட்சிக்காரரோ, மாஜி வார்டு மெம்பரோ. வழக்குக்குரியவர் மூலையில் உட்கார்ந்திருக்க, வந்தவரே எல்லாம் பேசுவார். பாதகமான விஷயங்கள் அந்தப் பேச்சில் வராது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 132-ஆவது பிரிவு, கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. குற்றம் செய்வதற்காகக் கேட்ட யோசனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மச்சானுக்கும் இல்லை. வழக்கறிஞரின் குமாஸ்தாவையோ அதே பிரிவு கட்டுப்படுத்துகிறது. பழைய 1872 சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. "என் வாய்க்கும் சட்டத்துல பூட்டு உண்டு" என்று இதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். பிறகு கூட வந்தவரை டீ சாப்பிட அனுப்பிவிடுவார்.

"ஜெயிச்சா நம்ம வக்கீல் ஃபீஸை எதிராளி குடுத்துடுவானா?" இதுவும் முதல் நாள் கேள்விதான். தீர்ப்பில் "செலவுத்தொகையுடன்" என்று வரும். ஆனால் கோர்ட் கணக்குப் போடும் வக்கீல் ஃபீஸ், 1973-ஆம் ஆண்டு விதிகளின்படி வழக்கின் மதிப்பை வைத்துப் போடும் கணக்கு. கைவிட்டுக் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. பேசித் தீர்த்துக்கொண்டால் நிலைமை மேல். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்தாலும் திரும்பத் தரலாம் என்று 2021 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிட்டோரியாவில் தாதா அப்துல்லா வழக்குக்காக 105 பவுன் பேசிக்கொண்டு போன இளம் வக்கீல் காந்தி, இரண்டு பக்கமும் வக்கீல் ஃபீஸ் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் மத்தியஸ்தத்துக்கு இழுத்தார். வக்கீல் சமூகத்தில் இந்தக் கதையை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள், கடைப்பிடிப்பது குறைவு.

வக்கீலோடு ஒத்துப்போகவில்லை, கட்டைத் திருப்பி வாங்க வேண்டும் என்றால்? ஃபீஸ் பாக்கி இருந்தால் கட்டைத் தர மாட்டேன் என்று சொல்லும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்கறிஞர், 97,100 ரூபாய் பாக்கிக்காகக் கேஸ் கட்டுகளை நிறுத்தி வைத்தார். அது தொழில் ஒழுக்கக்கேடு என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாக்கி ஃபீஸுக்கு வக்கீல் தனியே வழக்குப் போடலாம். அதற்கு 1926-லிருந்தே சட்டம் உண்டு. கட்டு கட்சிக்காரருடையது. நடைமுறையில், பழைய வக்கீலிடம் ஆட்சேபணையில்லை என்று கையெழுத்து வாங்கி வந்தால் புது வக்காலத்து சுலபமாக ஏறும். அவர் மறுத்தால் கோர்ட் அனுமதியோடு மாற்றலாம். சேவை சரியில்லை என்று நுகர்வோர் கோர்ட்டுக்கு மட்டும் போக முடியாது. வழக்கறிஞர் பணி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. புகார் சென்னையிலிருக்கும் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

ரசீது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் ரசீதுப் புத்தகம் அபூர்வம். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்கவும், கேட்டால் நகல் தரவும் பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். கூகுள் பே வந்தது குமாஸ்தாவுக்கு இதனால் ரொம்பப் பிடித்திருக்கிறது. கேட்காமலே தேதியும் தொகையும் போனில் நிற்கிறது. அனுப்பும்போது 'கோர்ட் ஃபீஸ்', 'வக்கீல் ஃபீஸ்' என்று ஒரு சொல் சேர்த்து எழுதிவிடச் சொல்கிறார். தொழில் எதுவும் நடத்தாத சாதாரண மனிதர் வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கையில் ஒன்றுமே இல்லாதவர்களை அவர் ஆபீஸுக்குக் கூட்டிப் போவதில்லை. நேரே கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அங்கே இலவச வக்கீல் கேட்கும் உரிமையைத் தருகிறது. கோர்ட் ஃபீஸையும் ஆணைக்குழுவே பார்த்துக்கொள்ளும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குள் வருகிறவர்கள் என்று பட்டியல் நீளும். அதில் இரண்டு பேரை ஊர் அடிக்கடி மறந்துவிடுகிறது. ஒன்று, பெண்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. இன்னொன்று, தொழிற்சாலைத் தொழிலாளர்கள். சுரங்கத்துக்கு ஷிப்டு பஸ் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி கூலி பாக்கிக்கோ வேலை நீக்கத்துக்கோ வழக்குப் போடக் கடன் வாங்கத் தேவையில்லை. மனு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.